மனக்காயத்தோடு ஊர் திரும்பிய படைவீரருக்கு டிஸபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால்: மேல்முறையீட்டுக்கு ஒரு வழிகாட்டி

பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எழவு வீடு. தேர் கிளம்பும்போது வழக்கம்போல அதிர்வேட்டுப் போட்டார்கள். கூட்டத்தில் நின்றிருந்த ஒருவர் சட்டென்று வாய்க்கால் ஓரமாகக் குப்புற விழுந்து, பக்கத்தில் நின்ற சின்னப் பையனையும் இழுத்துத் தன் உடம்புக்கு அடியில் போட்டுக்கொண்டார். சிலர் சிரித்தார்கள். "பட்டாளத்தானுக்குக் காலையிலேயே ஏறிருச்சு" என்றார்கள். அன்று அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. 17 வருடம் சர்வீஸ் செய்தவர். அதில் இரண்டரை வருடம் காஷ்மீரில், தீவிரவாத எதிர்ப்புக்கான ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் படையில். ஊருக்கு அனுப்பும் முன் உட்கார்ந்த மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ டாக்டர்கள் குழு, அவருக்கு மனநோய் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டது. ஆனால் அது ராணுவத்தால் வந்ததில்லை என்று எழுதி முடித்துவிட்டது. அதனால் டிஸபிலிட்டி பென்ஷன், அதாவது சர்வீஸால் வந்த ஊனத்துக்கான பென்ஷன், மறுக்கப்பட்டது.

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஊருக்கு வந்தபின் டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். இந்தத் தம்பியின் முதல் மனுவையும் நான்தான் எழுதினேன். நான்கு பக்கம். அவர் படும் பாட்டையெல்லாம் அதில் கொட்டியிருந்தேன். தள்ளுபடி ஆனது. திரும்ப எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, நான்கு பக்கத்தில் ஒரு தேதி இல்லை, ஒரு இடத்தின் பெயர் இல்லை. கஷ்டம் எவ்வளவு என்று எழுதியிருந்தேன். அந்தக் கஷ்டம் எங்கே, எந்த நாளில் தொடங்கியது என்று எழுதவில்லை. அதன் பிறகு நான் பார்த்த தோற்ற மனுக்களில் பெரும்பாலானவை இதே இடத்தில்தான் தோற்றிருக்கின்றன. கீழே எழுதுவதெல்லாம் அந்த ஓட்டையை அடைப்பதற்காகத்தான்.

கடிதத்தில் எதை மறுத்திருக்கிறார்கள்?

ரெகார்டு ஆபீஸிலிருந்து (உங்கள் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) வந்த தள்ளுபடிக் கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். ஆங்கிலம் புரியவில்லை என்றால் படித்த பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்துக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, நோய் எதனால் வந்தது. இன்னொன்று, நோய் எவ்வளவு.

முதல் கேள்விக்குச் சாதகமான பதில் இரண்டு விதமாக இருக்கலாம். சர்வீஸ்தான் நோய்க்குக் காரணம் என்றால் 'அட்ரிபியூட்டபிள்'. நோய்க்கு வேறு காரணம் இருந்தாலும் சர்வீஸ் அதைக் கூட்டிவிட்டது என்றால் 'அக்ரவேட்டட்'. இரண்டில் ஒன்று இருந்தால் போதும். இரண்டும் இல்லை என்று எழுதியிருந்தால் அதைத்தான் ஆபீஸ் பேச்சில் 'நானா' (ஆங்கிலத்தில் NANA) என்பார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சதவீதம். அது 20-க்குக் குறையக் கூடாது.

மனநோய் கேஸ்களில் சதவீதம் பெரும்பாலும் 20-க்கு மேலேதான் போட்டிருப்பார்கள். அடி விழுவது முதல் கேள்வியில். அதனால் "எனக்கு நோய் அதிகம்" என்று திரும்பத் திரும்ப எழுதுவதில் பயன் இல்லை. அதை அவர்கள் மறுக்கவே இல்லை.

சிலருக்குப் பென்ஷன் வந்துகொண்டே இருக்கும், ஆனால் சதவீதம் குறைவாக இருக்கும். அவர்கள் பிராட் பேண்டிங், அதாவது சதவீதத்தை அடுத்த படிக்கு உயர்த்திக் கணக்கிடுவது, செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 20 முதல் 49 வரை இருந்தால் 50 ஆக்க வேண்டும், 50 முதல் 75 வரை இருந்தால் 75, அதற்கு மேல் 100. முதலில் இது நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது. சர்வீஸை முழுதாக முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது கணக்குப் பிரச்சினைதான். மெடிக்கல் போர்டு தேவையில்லை, ஒரு விண்ணப்பத்தில் முடியவேண்டிய வேலை.

பணம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். 100 சதவீதத்துக்கு, கணக்கில் எடுக்கும் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அந்தச் சம்பளம் 40,000 என்றால் முழு ஊனத்துக்கு மாதம் 12,000. 50 சதவீதத்துக்கு 6,000. அதற்கு மேல் அகவிலைப்படி தனி. போர்டு 30 போட்டிருந்தாலும் பிராட் பேண்டிங்கில் 50 ஆகிவிடும் என்பதால் பலருக்கும் இந்த 6,000-தான் கணக்கு.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள்: நீங்கள் வெளியே வந்த தேதி. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வந்தவர்களுக்குப் புது விதிகள். அதற்கு முன் வந்தவர்களுக்கு 2008 விதிகள், இன்னும் பழையவர்களுக்கு 1982 விதிகள். நான் இங்கே எழுதுவது பெரும்பாலும் பழைய விதிகளில் வருகிறவர்களுக்கு. புது விதியில் வருகிறவர்களுக்கும் பேப்பர் சேர்ப்பது, தேதி எழுதுவது எல்லாம் அப்படியேதான்; விதி எண்ணைக் குறிப்பிடும்போது மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

பெட்டியைத் திறங்கள், அப்புறம் தகவல் உரிமை மனு

எல்லார் வீட்டிலும் அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும், வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதியது. டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), பழைய லீவு சர்டிபிகேட், மூவ்மென்ட் ஆர்டர், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சிலிப், எதையும் கழிக்காமல் எடுத்து வையுங்கள். மெடல்களையும் எடுங்கள். மெடல் அழகுக்கு இல்லை, அது சாட்சி. சியாச்சின் கிளேசியர் மெடல், ஹை ஆல்டிடியூட் மெடல், கார்கில் காலத்து ஆபரேஷன் விஜய் மெடல், சைன்ய சேவா மெடலில் ஜம்மு காஷ்மீர் பட்டை இவையெல்லாம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை அரசாங்கமே எழுதிக் கொடுத்த மாதிரி. டிஸ்சார்ஜ் புக்கில் அவை ஏறியிருக்கும். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுங்கள்.

உங்களிடம் இல்லாதவைதான் முக்கியமானவை. அவை ராணுவத்திடம் இருக்கின்றன. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் ரெகார்டு ஆபீஸின் தகவல் அதிகாரிக்கு, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு ஒரு மனு போடுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். கேட்க வேண்டியவை: மெடிக்கல் போர்டு நடவடிக்கை முழுவதும், அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவத்தின் எல்லாப் பக்கங்களும். மனநல நிபுணரின் கருத்து. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட். சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு. எந்தெந்த யூனிட்டில் எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்ற போஸ்டிங் விவரம். இவற்றோடு ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-10 கேட்க மறக்காதீர்கள்.

இந்தப் 10-ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வீரரை மனநல டாக்டரிடம் அனுப்பும்போது அவருடைய கமாண்டிங் ஆபீசர் எழுதித் தரும் அறிக்கை இது. ஆள் எப்படி இருந்தார், எப்போதிலிருந்து மாறினார், வேலை எப்படிச் செய்தார், வீட்டில் பிரச்சினை உண்டா என்றெல்லாம் அதில் இருக்கும். போர்டு இதைப் பார்த்திருக்கும். ஆனால் இதில் உங்களுக்குச் சாதகமாக இருக்கும் வரி போர்டின் முடிவில் வராமல் போயிருக்கலாம். மேலே சொன்ன தம்பியின் 10-ஆம் படிவத்தில், "முந்தைய யூனிட்டிலிருந்து வந்த நாள் முதல் இரவில் தூங்குவதில்லை, தனியாக நடக்கிறார்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. முந்தைய யூனிட் எது? காஷ்மீர். இரண்டாவது மனுவின் முதுகெலும்பே அந்த ஒரு வரிதான்.

பதில் 30 நாளில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல் அதிகாரிக்கு முறையீடு. "ஆவணம் கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டது" என்று பதில் வந்தால் மனசு விட்டுவிடாதீர்கள். அந்தக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வரும்போது அது வேலை செய்யும்.

'பீஸ் ஸ்டேஷனில் தொடங்கிய நோய்'

போர்டு பேப்பர் கைக்கு வந்ததும் நோய் எப்போது, எங்கே தொடங்கியது என்ற கட்டத்தைப் பாருங்கள். அதன் பிறகு, சர்வீஸோடு சம்பந்தம் இல்லை என்பதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அநேகமாக இரண்டில் ஒன்று இருக்கும்: 'பிறவி உடல்வாகு சார்ந்தது' அல்லது 'பீஸ் ஸ்டேஷனில் (போரோ தீவிரவாதமோ இல்லாத பகுதியில் உள்ள முகாமில்) தொடங்கியது'.

பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்பதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். மலை மேலே போஸ்டில் இருக்கும்போது பலரும் உடைவதில்லை. கையில் துப்பாக்கி, பக்கத்தில் கூட்டாளி, தலைக்கு மேல் வேலை. கீழே இறங்கி, குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு படுத்து, சத்தமில்லாத ராத்திரி வரும்போதுதான் அது வெளியே வரும். தவிர, மனநல டாக்டர் இருப்பதே பெரிய ஸ்டேஷனில்தான். நோயைக் கண்டுபிடித்த இடம் பீஸ் ஸ்டேஷனாக இருப்பதில் என்ன அதிசயம்? கண்டுபிடித்த இடம் வேறு, விதை விழுந்த இடம் வேறு. இதை உங்கள் தேதிகளைக் கொண்டு காட்ட வேண்டும்.

ராணுவ டாக்டர்களுக்கென்று ஒரு கையேடு இருக்கிறது. 2002-ல் வந்தது, 2008-ல் திருத்தினார்கள். மனநோயைப் பற்றி அதில் ஒரு பத்தி உண்டு. போர்ப் பகுதி, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைப் பகுதி, உயர்ந்த மலைப் பகுதி, மிகவும் தனித்துக் கிடக்கும் போஸ்ட் இங்கெல்லாம் வேலை பார்த்தவர்களுக்கு நோய் சர்வீஸால் வந்தது என்று ஏற்கலாம் என்கிறது. உயிர்ச்சேதம் நடந்த வண்டி விபத்தில் இருந்தவர்களும், நிலநடுக்கம், புயல், சுனாமி மாதிரியான பேரழிவில் சடலங்களுக்கு நடுவே வேலை பார்த்தவர்களும் இதில் வருகிறார்கள். 2001-ல் புஜ், 2004-ல் நாகப்பட்டினம் என்று போய் உடல்களைத் தூக்கியவர்கள் நம் ஊர்ப் பக்கம் இருக்கிறார்கள். போர் செய்யவில்லையே, நமக்கு எங்கே கிடைக்கும் என்று அவர்கள் மனுவே போடுவதில்லை. போட வேண்டும்.

அதே பத்தியில் லீவு மறுப்பும் இருக்கிறது. பணிக் காரணத்தால் லீவு மறுக்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் நோய் வந்திருந்தால், சர்வீஸ் நோயைக் கூட்டியது என்று பார்க்கலாம். எல்லா லீவுக்கும் இல்லை. மனைவி அல்லது பிள்ளை இறந்தது, ஒரே பிள்ளையாக இருக்கும்போது தாயோ தகப்பனோ இறந்தது, அப்பா இல்லாத வீட்டில் தங்கச்சி கல்யாணம் என்று சிலவற்றைச் சொல்கிறது. தங்கச்சி கல்யாணத்துக்கு வரமுடியாமல் போன அண்ணன் நம் பக்கத்தில் ஒருவரா இருவரா? கல்யாணப் பத்திரிகை ஒன்று பெட்டியின் அடியில் கிடந்தால் அதுவும் ஆதாரம்.

நிரூபிக்க வேண்டியது யார்?

2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழியைத் திறந்துவிட்டது. சேரும்போது நல்ல உடல்நிலையில் இருக்கிறார் என்று சொல்லித்தான் எடுத்தீர்கள். நோய் எதையும் குறித்துவைக்கவில்லை. அப்படியென்றால் பிறகு வந்த நோய் சர்வீஸால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது அரசாங்கத்தின் பொறுப்பு, சந்தேகம் வந்தால் அதன் பலன் வீரருக்கு. அதனால்தான் சேர்ந்தபோது நடந்த பரிசோதனைப் பதிவைக் கேட்கச் சொன்னேன்.

2025 மே மாதம் ராஜுமோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் நேரடியாகப் பேசியது. அது மனச்சிதைவு நோயால் அனுப்பப்பட்ட ஒரு வீரரின் வழக்கு. போர்டு ஏன் அந்த முடிவுக்கு வந்தது என்று காரணம் எழுத வேண்டும், காரணம் இல்லாத முடிவை வைத்து பென்ஷனை மறுக்க முடியாது என்பது அதன் சாரம். உங்கள் போர்டு பேப்பரில் ஒரே வரியில் 'உடல்வாகு சார்ந்தது' என்று மட்டும் இருந்தால் இந்தத் தீர்ப்பு உங்களுக்காகவே எழுதியது மாதிரி.

ஒரு எச்சரிக்கை. 2008 விதிகளின்படி, ஓய்வு பெற்று 15 ஆண்டு கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். இலங்கையில் 1987 முதல் 1990 வரை அமைதிப் படையில் இருந்துவிட்டு இத்தனை வருடம் சும்மா இருந்தவர்கள் கூடுதல் ஆதாரத்தோடுதான் வரவேண்டியிருக்கும். மற்றவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

டாக்டரும் வீடும்

இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு இருந்தால் மதுரை பாலிகிளினிக்கில் காட்டி மனநல டாக்டருக்கு ரெஃபரல் வாங்குங்கள். இல்லாவிட்டால் ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாண்டி கோயிலுக்குப் போகிறவர்கள் போங்கள்; முனியாண்டியிடம் போய் நிம்மதியாகத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓ.பி. சீட்டு ஒன்றையும் தவறவிடாதீர்கள். இடையில் இரண்டு வருடம் எந்தச் சீட்டும் இல்லை என்றால் எதிர்த்தரப்பு "குணமாகிவிட்டார்" என்று சொல்லும்.

டாக்டரிடம் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வந்தால் சீட்டில் தூக்கமின்மை என்றுதான் இருக்கும். என்ன கனவு வருகிறது, எந்தச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது, கூட்டாளி எப்படி இறந்தார் என்பதை ஒரு தடவையாவது சொல்லிவிடுங்கள். கஷ்டம்தான். முதல் நாளே முழுதும் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு மூன்று வருகையில் சொல்லலாம். சர்டிபிகேட்டில் நோயின் பெயர், எப்போதிலிருந்து, சர்வீஸ் நிகழ்வுகளோடு அறிகுறிகள் எப்படிப் பொருந்துகின்றன, வேலை செய்யவும் குடும்பம் நடத்தவும் எப்படித் தடையாக இருக்கிறது என்ற நான்கும் வரும்படி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மாநில அரசு தரும் ஊனச் சான்றிதழில் ஒரு சதவீதம் இருக்கும். அது வேறு அளவுகோல், வேறு சட்டம். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பஸ் பாஸுக்கும் மற்ற உதவிகளுக்கும் ஆகும். ராணுவப் போர்டு அதே சதவீதத்தைப் போட வேண்டும் என்று வாதாட முடியாது.

குடியைப் பற்றிப் பேசியாக வேண்டும். பல பேருடைய பேப்பரில் நோயின் பெயரே குடிப்பழக்க அடிமை நோய் என்று இருக்கும். அந்தப் பெயரோடு மட்டும் போனால் பென்ஷன் கிடைப்பது மிகவும் கடினம், அது அவரவர் செய்துகொண்டது என்ற கணக்கில் போய்விடும். ஆனால் குடி எப்போது ஏறியது என்று கேளுங்கள். சம்பவத்துக்கு முன் எப்படி, பின் எப்படி? தூங்குவதற்காகக் குடித்தவர் எத்தனை பேர்! இதை மறைக்காதீர்கள். மறைத்தால் கேஸ் ஷீட்டிலிருந்து எடுத்துப்போட்டு முழு மனுவையும் பொய் என்பார்கள். குடியை விட்டு, அல்லது விடுவதற்கான சிகிச்சையில் இருந்துகொண்டு, அடியில் இருக்கும் மனக்காயத்தை டாக்டர் தனியாகக் கண்டறிந்து எழுதட்டும். அந்தச் சான்று இருந்தால் கேஸின் முகமே மாறும்.

வீட்டில் இருப்பவர்கள் சொல்வதற்கு மதிப்பு அதிகம், குறிப்பாக மனைவி. பேரையூர்த் தம்பியின் மனைவி எனக்கு ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள், ரப்பர் பேண்ட் போட்டது. முன்பக்கம் ராகுகாலம், நல்ல நேரம். பின்பக்கம் பென்சிலில் அந்த அம்மாவின் கையெழுத்து. "ராத்திரி கதவைத் தொறந்து போயிட்டாக. களத்துல உக்காந்திருந்தாக." "பிள்ளைய அடிச்சிட்டு அழுதாக." "இன்னைக்கு நல்லா இருந்தாக, கோழிக்குழம்பு கேட்டாக." மூன்று வருடத்துத் தாள்கள். மளிகைக் கணக்கு எழுதுவதற்காகச் சேர்த்துவைக்க ஆரம்பித்தவராம். அதைவிடப் பெரிய ஆதாரத்தை எந்த வக்கீலாலும் தயாரிக்க முடியாது, ஏனென்றால் நல்லா இருந்த நாளும் அதில் இருக்கிறது. அதையெல்லாம் தேதிவாரியாக ஒரு பிரமாணப் பத்திரமாக எழுதி, தாள்களின் நகலையும் பின்னால் வைத்தோம். நீங்களும் இன்றைக்கே ஒரு நோட்டில் தொடங்குங்கள். கூட வேலை பார்த்தவர் யாராவது சம்பவத்தை நேரில் பார்த்திருந்தால் அவரிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள். ரெஜிமென்ட் வாட்ஸ்அப் குழுவில் தேடினால் ஆள் கிடைப்பார்.

மனுவை எழுதுதல்

இரண்டு பக்கம் போதும். முதல் பத்தியில் நம்பர், பெயர், ரேங்க், சேர்ந்த நாள், வெளியே வந்த நாள், தள்ளுபடிக் கடிதத்தின் எண்ணும் தேதியும். அடுத்தது தேதி வரிசை. அதன் பிறகு போர்டு சொன்ன காரணம், அது ஏன் தவறு, எந்தப் பக்கத்தில் ஆதாரம். கடைசியில் என்ன கேட்கிறீர்கள்: சர்வீஸால் வந்தது அல்லது சர்வீஸால் கூடியது என்று ஏற்க வேண்டும், இத்தனை சதவீதத்தைப் பிராட் பேண்டிங் செய்து வெளியே வந்த நாளிலிருந்து தரவேண்டும், தேவைப்பட்டால் புதிய மெடிக்கல் போர்டு வைக்கவேண்டும்.

தேதி வரிசை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: "இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை இன்ன ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் பட்டாலியன், இன்ன மாவட்டம். இன்ன தேதி இரவு தேடுதல் வேட்டையில் என் செக்ஷனில் ஒருவர் என் அருகில் இறந்தார். உடலைக் கீழே கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன். இன்ன தேதி பீஸ் ஸ்டேஷனுக்கு மாறுதல். நான்கு மாதம் கழித்து, இன்ன தேதி, கமாண்டிங் ஆபீசரின் அறிக்கையோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டேன்; அறிக்கை இணைப்பு 4." அழுகை, கோபம் எதுவும் இந்தப் பகுதியில் வேண்டாம். இணைப்பு எண் இருந்தால் போதும். நோவையெல்லாம் மனைவியின் பிரமாணப் பத்திரம் சொல்லிக்கொள்ளும்.

முதல் மேல்முறையீடு ஆறு மாதத்துக்குள், ரெகார்டு ஆபீஸ் வழியாக முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகவேண்டும். அதுவும் தள்ளுபடி ஆனால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது குழுவுக்கு. கெடு தாண்டிவிட்டால் ஏன் தாமதம் என்று ஒரு பத்தி எழுதுங்கள். மனநோயே நியாயமான காரணம்தான். டாக்டர் சீட்டை வைத்துச் சொல்லுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தையும் பிரிண்ட் எடுத்து மனு நகலோடு சேர்த்துத் தைத்துவையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனுவைக் காட்டி உதவி கேட்கலாம். காசு எதுவும் கிடையாது.

புரோக்கர்கள் வருவார்கள். "அரியரில் இத்தனை பங்கு கொடுங்கள், நாங்கள் முடித்துத் தருகிறோம்" என்பார்கள். ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தின் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும்.

போர்டு முன்னால் உட்காரும் நாள்

மேல்முறையீட்டில் புதிதாக மெடிக்கல் போர்டு வைத்தால் ராணுவ மருத்துவமனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வரும். நம் ஆட்களுக்கு இங்கேதான் சறுக்கும். டாக்டர் யூனிஃபார்மில் இருப்பார். அவரைப் பார்த்ததும் முதுகு தானாக நிமிரும். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், இத்தனை வருடப் பழக்கத்தில் வாய் தானாக "டீக் ஹை சாப்" (நல்லா இருக்கேன் ஐயா) என்றுவிடும். அதை அப்படியே எழுதிக்கொள்வார்கள்.

அதனால் முந்தின நாளே வீட்டில் பேசிப்பாருங்கள். இந்த வாரம் எத்தனை மணி நேரம் தூங்கினேன், இந்த மாதம் எத்தனை தடவை வேலைக்குப் போகமுடியவில்லை, சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குப் போய் எத்தனை வருடம் ஆகிறது, இப்படிக் கணக்காகச் சொல்லப் பழகுங்கள். மிகைப்படுத்த வேண்டாம். மோசமான நாளையும் சொல்லுங்கள், நல்ல நாளையும் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகவே கூடாது. நோய் தெரியட்டும் என்று நிறுத்திவிட்டுப் போன ஒருவர் ரயிலிலேயே நிலை தவறி, போர்டுக்கே போய்ச் சேரவில்லை. மனைவியையோ அண்ணனையோ கூட்டிப்போங்கள். உள்ளே விடாவிட்டாலும், "வீட்டார் வெளியே இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம்.

இந்த வாரங்களில் பழைய நினைவெல்லாம் கிளறும். வாழவேண்டாம் என்று எண்ணம் வந்தால் மனுவை மூடிவைத்துவிட்டு 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம். படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் 2023 டிசம்பர் முதல் அதில் தனிப் பிரிவும் இருக்கிறது.

டிரிபியூனல்

இரண்டு குழுவும் மறுத்தால் ஆயுதப் படைகள் தீர்ப்பாயம். 2007 சட்டத்தில் வந்தது, நமக்கு சென்னை பெஞ்ச். ஒத்தக்கடையில் ஹைகோர்ட் பெஞ்ச் பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கேயே நேராக ரிட் போடக்கூடாதா என்று கேட்பார்கள். இந்த வகை வழக்குக்கு முதல் வாசல் தீர்ப்பாயம்தான். அதன் தீர்ப்பு பாதகமாக இருந்தால் ஹைகோர்ட்டுக்கு ரிட் போகும் வழி திறந்தே இருக்கிறது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

கடைசி உத்தரவு போடப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். நீங்கள் அனுப்பிய மனுவுக்கு ஆறு மாதமாகப் பதிலே இல்லை என்றால் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. அந்த ஆறு மாதம் முடிந்ததும் வழக்குப் போடலாம். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு. தாமதத்துக்கு விலை வேறு இடத்தில் இருக்கிறது: 2008 தர்செம் சிங் தீர்ப்பைக் காட்டி, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருட அரியரோடு நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. பத்து வருடம் சும்மா இருந்தவர் ஏழு வருடப் பணத்தை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. என்றாலும் இந்த வகைக் கேஸ் பார்த்த வக்கீல் இருந்தால் நல்லது. பண வசதி இல்லாதவர்கள் மதுரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். 2025 ஜூலையில் படைவீரர் குடும்பங்களுக்கென்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் வைப்பது அதன் நோக்கம். நல அலுவலகத்துக்குப் போகும்போது அதைப் பற்றியும் விசாரியுங்கள்.

உத்தரவு வந்த பிறகு

ஜெயித்த உத்தரவின் சான்றிட்ட நகலை ரெகார்டு ஆபீஸுக்கு அனுப்பவேண்டும். அதில் எத்தனை மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று இருக்கும். அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டுவையுங்கள். தாண்டினால் அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்றக் கோரி மனு போடலாம். புதிய பி.பி.ஓ. ஸ்பர்ஷில் வந்ததும் சதவீதம், தொடக்கத் தேதி இரண்டையும் உத்தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிராட் பேண்டிங் விட்டுப்போவதும், தொடக்கத் தேதி மாறிப்போவதும் நடக்கிற தவறுகள்.

வழக்கு நடக்கும்போதே வீரர் இறந்துபோனால் கேஸ் முடிந்துவிடாது. மனைவி வாரிசாகத் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி மனு போடலாம், சேர வேண்டிய அரியர் அவருக்குப் போகும். அதற்கு இறப்புச் சான்றிதழோடு வாரிசுச் சான்றிதழும் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் தருவார். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவியின் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அவர் உயிரோடு இருக்கும்போதே ரெகார்டு ஆபீஸுக்கு எழுதித் திருத்திக்கொள்ளுங்கள்.